திருகோணமலைப் பழைய பட்டாள ஆஸ்பத்திரி: படம் எடுக்கப் போனவர்கள் சொல்லுங்கள்

கடற்கரைவீதி:
எந்தக் கட்டடம் என்று ஊரவர்களுக்குத் தெரியும். நீள விறாந்தை, எதிரெதிரே ஜன்னல், காற்றுக்காகவே கட்டியது. கடிதம், சென்ட்ரி, அடையாள அட்டை எல்லாம் வழக்கம்போல், விடுங்கள். உள்ளே ஒரு பொடியன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு வருகிறான். அவனுக்கு முன்னால் சுவரில் கறுப்புப் பெயின்ட்டில் 14, 15, 16. கட்டில் இலக்கங்கள்! 13 வரை ஏற்கெனவே வெள்ளை. ட்ரைபொட் விரிக்க நேரமில்லை, கையில் பிடித்தே எடுத்தேன். 16க்குக் கீழே யாரோ ஆணியால் கீறிய கோடுகள், நாள் எண்ணியதுபோல. "முடிஞ்சுதா அண்ணை? பின்னேரத்துக்குள்ள இந்தச் சுவர் முடிக்கவேணும்" என்று கேட்டுவிட்டு பிரஷ்ஷைத் தோய்த்தான். அவன்மேல் கோபமில்லை, நாட்கூலி. அடிக்கச் சொன்னவர்மேல்தான்.

உப்புவெளிக்காரி:
கட்டில் இலக்கம் என்று எப்படி அவ்வளவு உறுதி? பிரிட்டிஷ்காரன் 1957இல் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபிறகு அங்கே யார் எதை அடுக்கி வைத்தார்களோ. சாமான் ராக்கை இலக்கமாகவும் இருக்கலாம்.

நான் பெரியப்பாவோடு போனேன். இரண்டாம் உலகப்போர்க் காலப் படம் ஒன்றின் பிரதி கையில், அதே இடத்தில் நின்று திரும்ப எடுக்கத் திட்டம். பெரியப்பா கட்டடத்தைப் பார்க்கவேயில்லை. படத்தின் ஓரத்தில் வாளியோடு நிற்கும் கறுத்த மெலிந்த ஆளையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இவன்ர பேரை ஏன் போடேல்லை?" கீழே அதிகாரிகள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. ஜப்பான்காரன் குண்டுபோட்டு மூழ்கடித்த ஹேர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் காயப்பட்டவர்களை இந்த வாளிக்காரரைப் போன்றவர்கள்தான் தூக்கி இறக்கினார்களாம்.

ஃபிலிம்காரன்:
அக்கா, அந்தக் கதை சரிவராது. 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மீஸ் மூழ்கியது மட்டக்களப்புக் கடலில். 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் காப்பாற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அதே நாள் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது, அவர்கள் தூக்கியது அதில் காயப்பட்டவர்களையாக இருக்கும்.

நானும் போனேன், ஆமிக்காரர் ஒருவர் நிழலில் கதிரை போட்டுத் தந்தார், அவ்வளவுதான். ஆனால் எடுக்கும் முறையைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1933இலிருந்து பழைய கட்டடங்களை இதற்கென்றே பதிவு செய்கிறார்கள்: பெரிய ஃபிலிம், கறுப்பு வெள்ளை, நிமிர்ந்த கோடு சாயக்கூடாது. நம்மிடம் அந்தக் கமரா இல்லாவிட்டாலும் முறை இருக்கலாம். முதலில் நாலு பக்கமும் முழுச்சுவர், பிறகு மூலை, பிறகு கதவு, கொண்டி. பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். எங்கே நின்று எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று வரைபடத்தில் அம்புக்குறி போடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடத்தில் எல்லா ஜன்னலும் ஒரே ஜன்னல்தான். காலை வெயில் சுவரோடு சாய்ந்து வரும்போது எடுத்தால் கீறல் தெளிவாக விழும். ரோ ஃபைலை, அதாவது கமரா பதிந்த மூலக் கோப்பை, அழிக்காதீர்கள். பிரின்ட்டின் பின்னால் பேனா வேண்டாம், பென்சில். மாரிக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

கடற்கரைவீதி:
தம்பி, பொடியன் பிரஷ்ஷோடு நிற்கும்போது அளவுகோல் தேடச் சொல்கிறீர்கள்.

அக்கா, ராக்கை இலக்கம் என்றால் ஜன்னலுக்கு ஜன்னல் நடுவில், ஆள் படுக்கும் இடைவெளி விட்டா எழுதுவார்கள்? சரி, அந்த வாளிக்காரர் பெயர் பெரியப்பாவுக்குத் தெரியுமா? கேட்டு எழுதிவிடுங்கள்.

உப்புவெளிக்காரி:
கேட்டேன். ஊர்ப்பேர்தான் சொல்கிறார், "கிண்ணியாக்காரன்". அதையே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.