செயின் ஓரிடத்தில் தொய்வு, ஓரிடத்தில் விறைப்பு: எதை நம்பி அட்ஜஸ்ட் செய்வது?

இரவுப்பயணி:
150 சிசி வண்டி, 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செயின் தொய்வு 25 முதல் 35 மில்லிமீட்டர் என்கிறது கையேடு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளந்தேன். 40 இருந்தது. 30-க்குக் கொண்டுவந்து பெருமையோடு கையைக் கழுவினேன். மறுநாள் மெதுவாகப் போகையில் விட்டுவிட்டு ஒரு முனகல். சக்கரத்தைச் சுற்றி வேறிடத்தில் அளந்தால் 12 தான்! ஸ்கேலையே சந்தேகப்பட்டுவிட்டேன்.

கறுப்புக்கை:
ஸ்கேல் பாவம். ஓரிடத்தில் மட்டும் அளந்ததுதான் பிழை. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, செயினில் ஒரு கண்ணியில் ஒரு கோடு போடுங்கள். நியூட்ரலில், கையால் மெல்லச் சுற்றுங்கள். செயின் ஒரு முழுச் சுற்று வரச் சக்கரம் ஏறக்குறைய மூன்று முறை சுற்ற வேண்டும். விறைப்பு ஒவ்வொரு சக்கரச் சுற்றிலும் வந்தால் பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரம்) பாருங்கள். மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் குற்றவாளி செயின்தான்.

எதுவானாலும், மிக விறைப்பான இடத்தில் வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) மேலேறும்போது செயின் இன்னும் இழுபடும். அப்போது கொடுப்பதற்குத் தொய்வு இல்லையென்றால் கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். சற்றுத் தொய்ந்த செயின் சத்தம் போடும், அவ்வளவுதான். விறைத்த செயின் செலவு வைக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைக்கிறார்கள் சிலர். விரல் மீது ஆசை இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

மூன்றாம்கியர்:
செயினை மாற்றுவதற்கு முன் கண்ணிகளை மடக்கிப் பாருங்கள். சில துருப்பிடித்து மடங்காமல் நிற்கும். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், காய்ந்தபின் 90 கியர் ஆயில். கம்பி பிரஷ் வேண்டாம், கண்ணிகளில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்துவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பின்னோக்கி இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இரவுப்பயணி:
செயின்தான். நான்கு கண்ணிகள் மரக்கட்டை போல நின்றன. கழுவி எண்ணெய் விட்டதும் 12 என்பது 20 ஆனது. விறைப்பான இடத்தில் 25 வைத்தேன், தொய்ந்த இடத்தில் 35 வருகிறது. முதல் முறை ஆக்சில் (சக்கர அச்சு) நட்டை முறுக்கியதும் அளவு மாறி, மறுபடி எல்லாவற்றையும் தளர்த்த வேண்டியதாயிற்று. முனகல் போய்விட்டது. ஆனால் இழுத்துப் பார்த்தால் பாதிப் பல் தெரிகிறது, புது செட் சொல்லிவிட்டேன். இப்போது பின் பிரேக் பெடல் முன்பைவிட அதிகம் இறங்குகிறதே?

கறுப்புக்கை:
டிரம் பிரேக்தானே? செயினைத் தளர்த்தியதில் சக்கரம் முன்னால் வந்ததால், பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராடு தளர்ந்திருக்கிறது. ராடின் முனையிலுள்ள நட்டைக் கொஞ்சம் முறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, உரசாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.