லிமிட்டட் எடிஷன் சுருட்டு கையில வந்த கதை இருந்தா இங்க போடுங்க மக்கா

மார்த்தாண்டம்காரன், இப்ப துபாய்:

நம்ம ஜில்லாவுல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃபுலயோ கப்பல்லயோ உண்டு, அதனால நல்ல சுருட்டு ஒண்ணோ ரெண்டோ கையில வந்து போன ஆளுங்க இங்க கண்டிப்பா இருப்பீங்க, கதையை எடுத்து விடுங்க. மொதல்ல எனக்க கதை.

நான் இங்க ஒரு ஹோட்டலுக்க சிகார் லவுஞ்சுல வேலை பாக்கேன். ஊர்ல ஆராவது கேட்டா அம்மா "ஓட்டல்ல வேல"ன்னு மட்டும் தான் சொல்லுவா, சுருட்டு பத்த வச்சுக் குடுக்குற வேலைன்னு சொன்னா பொண்ணு கிடைக்காதுன்னு அவளுக்கு பயம். வாற ஆளுக்கு பாத்து எடுத்துக் குடுக்கணும், நுனியில தொப்பி மாதிரி ஒட்டின இலையை மட்டும் வெட்டணும், கொஞ்சம் கீழ எறங்கிச்சுன்னா மேலிலை, அதாவது வெளிய சுத்தியிருக்க இலை, பிரிஞ்சு வந்துரும், அப்புறம் கேஸ் லைட்டரை கிட்ட கொண்டு போகாம தள்ளிப் பிடிச்சு ஓரத்தை பைய சூடாக்கணும். பெட்ரோல் லைட்டர் வச்சு பத்த வச்சா மொத அஞ்சு நிமிஷம் பெட்ரோல் தான் ருசிக்கும்.

ஒரு லெபனான்காரர் வழக்கமா வருவார், வயசானவர். ஒரு நாள் கடை அடைக்கிற நேரத்துல தனக்கு ஒண்ணு எடுத்துட்டு எனக்கும் ஒரு பெஹிகே 52 எடுக்கச் சொன்னார். கோஹிபாங்குற கியூபா பிராண்டுக்க பெஹிகே, 2010ல எறக்கினது, 52, 54, 56ன்னு மூணு சைஸ். அந்த நம்பர் தடிமன் தான், ஒரு இஞ்சை 64ஆ பிரிச்சா அதுல 52 பங்கு. இதுக்க விசேஷம் மேதியோ தியெம்போன்னு ஒரு இலை, செடிக்க உச்சியில, லிஹேரோன்னு சொல்லுற மேல்தட்டு இலைக்கும் மேல ரெண்டே ரெண்டு வளரும், எல்லாச் செடியிலயும் வராது, வந்தாலும் சின்னது. அதை உள்ள வச்சு சுருட்டுறதால தான் அந்த வெலை. நுனியில இலையை முறுக்கி சின்ன வால் ஒண்ணு விட்டிருப்பாங்க, அதை விரலால நிமிண்டி எடுக்கும்போதே ஒரு மணம், காஞ்ச புல்லும் தேனும் கலந்தது.

இழுத்தா மொதல்ல ஒண்ணுமே இல்ல, இதுக்கா இவ்வளவு வெலைன்னு தோணிச்சு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு தான் நாக்குக்க நடுவுல காப்பி மாதிரி ஒரு கசப்பு வந்துது, பின்ன ஓரத்துல லேசா இனிப்பு, பாதி தாண்டினப்ப கிராம்பு கடிச்ச எரிப்பு. அவசரப்பட்டு இழுத்தா சூடாகி எல்லாம் கசந்து போவும், நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அதுக்கு மேல வேண்டாம். எனக்க அபிப்பிராயத்துல 52 தான் மூணுலயும் கொள்ளாம், 56 பெருமைக்கு வாங்குறது. 2022ல கோஹிபா, டிரினிடாட்ங்குற ரெண்டு பிராண்டுக்க வெலையை உலகம் பூரா ஒண்ணாக்குறோம்னு ஏத்தி விட்டாங்க பாருங்க, அதுக்கப்புறம் வலிக்க வாற ஆளு கொறஞ்சு மோதிரம் தெரிய போட்டோ எடுக்க வாற ஆளு கூடிப் போச்சு. சுருட்டுல சுத்தியிருக்க அந்த காயிதப் பட்டையைத் தான் மோதிரம்னு சொல்றேன்.

இன்னொண்ணு, லிமிட்டட் எடிஷன்னா உலகத்துல நூறு தான் உண்டுன்னு பலரும் நெனைக்கியாங்க. அப்படி இல்ல. கியூபா சுருட்டு விக்குற ஹபானோஸ் கம்பெனி 2000த்துல இருந்து எதிசியோன் லிமிதாதான்னு வருஷத்துக்கு சிலது எறக்குறாங்க, கறுப்பும் தங்கமுமா ரெண்டாவது மோதிரம் ஒண்ணு இருக்கும், மேலிலை நல்ல கறுத்தது. மொதல்ல மேலிலையை மட்டும் தான் ரெண்டு வருஷம் பழுக்க வச்சாங்க, 2007ல இருந்து உள்ள இருக்க இலை எல்லாமே கொறஞ்சது ரெண்டு வருஷம். நமக்கு கிடைக்கியது அந்த வயசு தான், மோதிரம் இல்ல.

கொளச்சல் கப்பல்காரன்:

தம்பி நல்லா எழுதியிருக்கீங்க. நான் கப்பல்ல இஞ்சினியரா இருந்து ரிட்டயர்டு. ஹவானாவுல நின்னப்ப ஏஜெண்ட் ஒரு சுருட்டு பேக்டரிக்கு கூட்டிட்டு போனான். நான் எதிர்பாத்தது மெஷின், அங்க பாத்தது நம்ம ஊர் முந்திரி அண்டி ஆபீஸ் மாதிரி, வரிசை வரிசையா பெஞ்சு, முக்காவாசி பொம்பளைங்க, பேச்சு, சிரிப்பு. பிறை மாதிரி வளஞ்ச கத்தி ஒண்ணு, சவேத்தான்னு பேரு, அதை வச்சு மேலிலையை ஒரே இழுப்புல ஓரம் வெட்டுறாங்க, நரம்பு உள்பக்கமா வாற மாதிரி திருப்பிப் போட்டு கோணலா சுத்திக்கிட்டே போறாங்க, கடைசியில மணமில்லாத ஒரு பசையைத் தொட்டு தொப்பியை ஒட்டுறாங்க. ஒரு அம்மா கையைப் பாத்துக்கிட்டு நின்னேன், அவ கையைப் பாக்கவே இல்ல, பக்கத்துல இருந்தவகிட்ட ஏதோ சண்டை.

மேடையில ஒருத்தர் மைக்குல பேப்பர் வாசிச்சிட்டிருந்தார். அது ஒரு உத்தியோகம், லெக்டோர்னு பேரு, 1865ல இருந்து அங்க உண்டு, பேப்பரும் வாசிப்பார் நாவலும் வாசிப்பார். வாசிச்சது புடிச்சா எல்லாரும் அந்தக் கத்தியை பலகையில தட்டுவாங்க, கைதட்டல் அது தான். நான் நின்னப்ப ஒரு தடவை தட்டினாங்க, மேல இருந்து கீழ வரை ஒரே டக்டக்கு. என்ன வாசிச்சார்னு ஏஜெண்ட்டுகிட்ட கேட்டேன், பேஸ்பால் ஸ்கோராம்.

கென்னடி கதை தெரியும்லா? 1962ல கியூபா சரக்குக்கு தடை போடுற பேப்பர்ல ஒப்பு போடதுக்கு முந்தின ராத்திரி தனக்க பிரஸ் செக்ரட்டரியை அனுப்பி ஆயிரம் சுருட்டு வாங்கச் சொன்னாராம், அவர் 1,200 பெட்டி உப்மான் தேத்திக் கொண்டு வந்தப்புறம் தான் ஒப்பு போட்டாராம். அந்த செக்ரட்டரி பியர் சாலிஞ்சரே பின்ன சொன்னது. ராஜ்யத்துக்கு ஒரு நியாயம் ராஜாவுக்கு ஒரு நியாயம்.

நமக்கும் இதொண்ணும் புதுசு இல்ல கேட்டியளா. திருவிதாங்கூர் காலத்துல யாழ்ப்பாணப் புகையிலைக்கு இங்க அவ்வளவு கிராக்கி, அரசாங்கமே அந்த வியாபாரத்தை கையில வச்சிருந்து வருமானம் பாத்தது. எனக்க தாத்தா கடைசி வரை "யாழ்ப்பாணம் உண்டா"ன்னு தான் கடையில கேப்பாரு.

கப்பல்காரன் சொன்னதுல ஒரு திருத்தம் ஆகவேண்டியது (மார்த்தாண்டம்காரன்):

1,200 பெட்டி இல்லண்ணே, 1,200 சுருட்டு. பெத்தித் உப்மான்ங்கிற சின்ன சைஸ். மத்ததெல்லாம் செரி.

தக்கலைப் பையன்:

என் மச்சான் சவுதியில இருந்து வந்தப்ப எனக்க கல்யாணத்துக்கு கோஹிபா ஒரு பெட்டி குடுத்தான். மேல கண்ணாடி மூடி, உள்ள வரிசையா அடுக்கி பாக்கவே அம்சமா இருந்துது. ரிசப்ஷன் முடிஞ்சு மொட்டை மாடியில நாங்க பயலுவ எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம், ஒருத்தனுக்கு இழுக்கவே வரல்ல, இன்னொருத்தனுக்கு நடுவுல ஓட்டை விழுந்து பக்கவாட்டுல புகை, எனக்க சுருட்டுக்குள்ள இருந்து துண்டு துண்டா நறுக்கின தூளு வாயில வந்துது. அது லிமிட்டட் எடிஷன்னு கடைக்காரன் சொல்லி நல்ல காசு வாங்கியிருக்கான். மச்சான்கிட்ட இன்னி வரை சொல்லல்ல, "எப்டி இருந்துது மாப்ள"ன்னு கேட்டான், "கொள்ளாம் மச்சான்"ன்னு சொல்லிட்டேன். அண்ணே இதை எப்டி கண்டுபிடிக்கியது?

மார்த்தாண்டம்காரன்:

கண்ணாடி மூடின்னு சொன்னப்பவே முடிஞ்சு போச்சு மக்கா. கண்ணாடி மூடி வச்ச கோஹிபா பெட்டி டூப்ளிகேட் தான், வேற ஒண்ணும் பாக்க வேண்டாம். நல்ல பெட்டியைத் திருப்பினா அடியில ஹபானோஸ் எஸ்.ஏ., எச்சோ என் கூபா, தொதால்மென்தே அ மானோன்னு (கியூபாவுல செஞ்சது, முழுக்க கையால செஞ்சதுன்னு அர்த்தம்) மரத்துல சூடு வச்சு பதிச்சிருக்கும், விரலால தடவினா பள்ளம் தெரியணும், அச்சு மை இருக்கப்பிடாது. பக்கத்துல பேக்டரி கோடும் மாசமும் வருஷமும் முத்திரை, மாசம் ஸ்பானிஷ்ல மூணெழுத்து. இடது பக்க மூலையில கியூபா அரசாங்கத்துக்க பச்சை சீல். உள்ள எல்லா சுருட்டும் ஒரே நெறமா இருக்கணும், இடமிருந்து வலமா கொஞ்சங்கொஞ்சமா வெளுத்து வாற மாதிரி அடுக்குவாங்க, அதுக்குன்னே ஒரு ஆளு பேக்டரியில உண்டு. நறுக்கின தூளு உள்ள இருந்தா அது கையால சுத்தின நீள இலைச் சுருட்டே இல்ல.

ஊருக்கு கொண்டு வாறவங்க கவனிங்க, டியூட்டி இல்லாம ஆளுக்கு 25 சுருட்டு தான். திருவனந்தபுரத்துல எறங்கி கஸ்டம்ஸ்ல நின்னு தர்க்கம் பண்ணி ஒரு பிரயோசனமும் இல்ல.

முட்டம், ஹோம்ஸ்டே நடத்துறவ:

எனக்கு வலிக்குற பழக்கம் இல்ல, ஆனா கதை உண்டு. எங்க வீட்டுல தங்கின ஒரு ஸ்பெயின்காரர் போறப்ப எங்க பெரியப்பாவுக்கு ஒரு சுருட்டு குடுத்துட்டு போனாரு, ரெண்டு மோதிரம் போட்டது, பார்தகாஸ்னு எழுதியிருந்துது. பெரியப்பா கட்டுமரம் ஓட்டின ஆளு, ராத்திரி கடல்ல குளிருக்கு நம்ம ஊர் சுருட்டு தான் அவருக்கு. வெட்ட கத்திரி குடுத்தேன், வேண்டாம்னு பல்லால கடிச்சுத் துப்பினாரு. உள்ள இழுத்தாரு பாருங்க ஒரு இழுப்பு, இருமல் நிக்கல்ல, கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. "இத இழுக்கப்பிடாது பெரியப்பா, வாயில வச்சு விடணும்"னு ஸ்பெயின்காரர் சொன்னதை சொன்னேன். "வாயில வச்சு விடதுக்கு எதுக்கு பிள்ளே பத்த வைக்கணும்"னாரு. அப்புறம் திண்ணையில இருந்து ஒண்ணரை மணிக்கூரு அதை விடல்ல, சாயா ரெண்டு தடவை கேட்டாரு. எப்டி இருக்குன்னு கேட்டா "மணம் உண்டு, உறைப்பு பத்தாது, வெள்ளக்காரனுக்கு செரி".

குலசேகரம் ரப்பர்காரன்:

எல்லாரும் வலிச்ச கதை சொல்றீங்க, வச்ச கதையை நான் சொல்றேன். ஹியூமிடார்ல, அதான் சுருட்டு வைக்குற பெட்டியில, தண்ணி வை, ஈரம் கொறையாம பாத்துக்கோன்னு வீடியோவுல எல்லாம் சொல்லுவாங்க, அது பனி விழுற நாட்டுக்காரன் சொல்றது. நமக்கு எடவப்பாதி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, குலசேகரத்துல ரப்பர் ஷீட்டு காயவே புகைப்புரை வேணும், இங்க ஈரம் கூட்டவா பெட்டி? மழைக் காலத்துல ஈரம் பாக்குற மீட்டர் எம்பது சதவீதத்துக்கு மேல காட்டும், சுருட்டு ஊதி மேலிலை வெடிச்சிரும், பத்த வச்சா நடுவுல அணையும்.

நான் தேவதாரு பெட்டியை விட்டுட்டேன். ரப்பர் வாஷர் வச்ச காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள போவேதான்னு ஈரத்தை ஒரே அளவுல வைக்குற பாக்கெட், 62 சதவீதம் இல்லன்னா 65. 69, 72 நம்ம ஊருக்கு வேண்டாம். அந்த பாக்கெட் ஈரம் குடுக்கவும் செய்யும் எடுக்கவும் செய்யும், பொங்கி தண்ணி மாதிரி ஆச்சுன்னா டப்பா எங்கயோ லீக்குன்னு அர்த்தம்.

ஈரத்தை விட சூடு தான் மோசம். புகையிலை வண்டுன்னு ஒண்ணு உண்டு, கடுகு அளவு, முட்டை இலைக்குள்ளயே இருக்கும், 25 டிகிரி தாண்டினா பொரியும். பொரிஞ்சா ஊசி குத்தின ஓட்டை ஒண்ணு, பக்கத்துல மாவு மாதிரி தூளு, அந்த டப்பாவுல இருக்க எல்லாத்தையும் தின்னுரும். நம்ம வீட்டுக்குள்ள 25க்கு கீழ எப்ப போவும்? மார்கழி ராத்திரி போனா உண்டு. அதனால புதுசா எது வந்தாலும் ஜிப் கவர்ல போட்டு காத்தை எடுத்து மூணு நாலு நாள் ஃப்ரீசர், பின்ன ஒரு நாள் கீழ்த்தட்டு ஃப்ரிட்ஜ், அப்புறம் தான் வெளிய. நேரா வெளிய எடுத்தா மேலிலை விரியும். வீட்டுல மீன் ஃப்ரீசர்ல சுருட்டான்னு ஒரு யுத்தம் நடந்துது, அது வேற கதை.

கேட்டா இன்வெஸ்ட்மெண்டுன்னு பெட்டி பெட்டியா வாங்கி வைக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அது ஜெனீவாவுல ஏசி ரூமுல வச்சிருக்கவனுக்கு செரி. நம்ம காத்துல பத்து வருஷம் வச்சு பழுக்க விடப் போறேன்னா வண்டுக்கு தான் லிமிட்டட் எடிஷன். வாங்கின வருஷமே வலிச்சுத் தீருங்க. 2022 செப்டம்பர்ல இயன் புயல் கியூபாவுல பினார் தெல் ரியோ பக்கம் அடிச்சு இலை காயப் போடுற கொட்டகையை ஆயிரக்கணக்குல தள்ளிட்டு போச்சு, நல்ல இலை எல்லாம் அந்தப் பக்கம் தான். 2017ல ஓகி நம்ம ரப்பரை முறிச்சுப் போட்டப்ப எனக்கு எப்டி இருந்துதோ அப்டி தான் அங்க புகையிலை போடுறவனுக்கும் இருந்திருக்கும்.

வடசேரி நர்ஸ் அக்கா:

ரசிச்சு வாசிச்சேன், ஆனா ஒண்ணு சொல்லாம போக முடியாது. உள்ள இழுக்கல்ல அதனால ஒண்ணும் செய்யாதுன்னு நெனைக்காதீங்க. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாவே ரத்தத்துல ஏறும். பெரிய சுருட்டு ஒண்ணுல ஒரு பாக்கெட் சிகரெட்டு அளவு புகையிலை இருக்கலாம். வாய்ப் புற்றுநோய் வார்டுல நான் வேலை பாத்தவ. வாயில வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ ரெண்டு வாரம் தாண்டினா டாக்டரைப் பாருங்க, கோஹிபான்னாலும் கணேஷ் பீடின்னாலும்.

மார்த்தாண்டம்காரன்:

அக்கா சொன்னது செரி, எங்க லவுஞ்சுல தெனமும் வாறவங்களை பாத்தா எனக்கே சங்கடமா தான் இருக்கும். நான் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு, அதுவும் ஆராவது குடுத்தா. ரப்பர்காரரே, ஓணத்துக்கு லீவு கிடைக்கும் போல இருக்கு, 2017 லிமிட்டட் எடிஷன் கோஹிபா தலிஸ்மான் ரெண்டு கைவசம் உண்டு, வந்ததும் உங்க ஃப்ரீசர்ல போட இடம் இருக்குமா, இல்ல வீட்டுல இன்னும் யுத்தம் ஓயல்லியா?

குலசேகரம் ரப்பர்காரன்:

கொண்டு வாங்க. அயலை தீரட்டும்.