கொல்லிமலை ஏற கியர் பத்தவில்லை, அவசரம்

வளைவு27: ஞாயிறு அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து சைக்கிளில் ஏறினேன். 27ஆம் வளைவு போர்டு பக்கத்தில் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. கடைசி கியரிலும் மிதிக்க முடியவில்லை, முட்டி விண்விண் என்கிறது. கியர் குறைக்க என்ன வாங்குவது? அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.

செயின்சாமி: எத்தனை ஸ்பீடு? முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?

ஈரோட்டு எறும்பு: கடைசி கியர் என்றால் எது? சிலர் 11 பல்லைத்தான் கடைசி என்பார்கள். அதிலேயா ஏறினீர்கள்?

வளைவு27: ரோடு பைக்தான். பின்னால் பெரிய பல்.

பழைய ஸ்டீல்: தம்பி, நாங்கள் எல்லாம் முன்னால் 39, பின்னால் 23 பல் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறினோம். கியரை விடு, தொப்பையைக் குறை.

ஈரோட்டு எறும்பு: ஏற்காட்டில் 20 வளைவு, கொல்லியில் 70. ரெண்டும் ஒன்றா?

பழைய ஸ்டீல்: வளைவை எண்ணினால் ஏற்றம் தெரிந்துவிடுமா? ஊட்டிப் பக்கம் கல்லட்டியில் 36தான். ஏறிவிட்டு வந்து பேசு.

செயின்சாமி: அந்தச் சண்டை அப்புறம். பல்லை எண்ணிச் சொல்லுங்கள் சார்.

வளைவு27: கியர் செட் ஷிமானோ 105, ஆர்7000 மாடல், 11 ஸ்பீடு. முன்னால் 50-34 என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 28 பல் வரை.

நீலகிரி குளிர்: முன்னால் 34ஐக் கழற்றி 30 போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

செயின்சாமி: முடியாது. அந்த கிராங்கில் (மிதிக்கட்டைத் தண்டு) பல்சக்கரத்தை மாட்டும் போல்ட் வட்டம் 110 மி.மீ., 30 பல் அதில் உட்காராது. 46-30 வேண்டுமானால் கிராங்கையே மாற்ற வேண்டும். செலவு குறைவு கேசட்தான், அதாவது பின்பக்கப் பல்லடுக்கு. 11-34 போட்டால் முன்னும் பின்னும் 34, ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது மணிக்கு 9.2 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும், அதில் 7.6 போதும். ஆனால் செயினைப் பல் மாற்றும் பின்பக்க டிரெய்லியரின் கூண்டு குட்டையான எஸ்எஸ்ஸா, அதைவிட நீளமான ஜிஎஸ்ஸா? குட்டைக் கூண்டு எஸ்எஸ் என்றால் கம்பெனிக் கணக்கு 30 பல் வரைதான். 34க்கு ஜிஎஸ் வேண்டும்.

நீலகிரி குளிர்: டிரெய்லியரைப் பல்லில் இருந்து தள்ளி வைக்கும் பி-ஸ்க்ரூவை முறுக்கினால் எஸ்எஸ்ஸிலேயே 32 ஓடும். என்னுடையது ஓடுகிறது.

செயின்சாமி: உங்களுடையது ஓடும். பெரிய பல்லோடு பெரிய பல் சேரும்போது செயின் நீளம் போதாவிட்டால் டிரெய்லியர் பிய்ந்துகொண்டு வரும். அது நடுமலையில் நடந்தால் யார் பொறுப்பு? இன்னொன்று, ஷிமானோ 11 ஸ்பீடு 11-34 கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (சக்கர நடுக்குடம்) போட்டால் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் கட்டாயம். அதை விட்டுவிட்டால் கேசட் ஆடும். கடையில் கேட்டு வாங்குங்கள், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள்.

பழைய ஸ்டீல்: 34 பல்லாம். அது கேசட்டா, சாப்பாட்டுத் தட்டா?

ஈரோட்டு எறும்பு: அண்ணா, முட்டி உங்களுடையது இல்லையே.

செயின்சாமி: @வளைவு27 கூண்டு எது என்று சொல்லவே இல்லையே?

(ஐந்து வாரம் கழித்து)

வளைவு27: 11-34 போட்டாச்சு. 70/70. முட்டி வலி இல்லை. எல்லாருக்கும் நன்றி.

நீலகிரி குளிர்: எஸ்எஸ்ஸிலேயா ஓட்டினீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்!

செயின்சாமி: ஸ்பேசர் போட்டீர்களா?