சித்திரை நட்சத்திரத்துக்கு அல்மனாக்கில் ஒரு எண், பட்டியலில் வேறொன்று: எது சரி?

குடாக்கரை:
திருகோணமலைக் கடலில் செக்ஸ்டன்ட் (வான்பொருளின் கோண உயரத்தை அளக்கும் கருவி) பயிற்சிக்காக நட்சத்திரக் கணக்கைக் கணினியில் எழுதுகிறேன். சித்திரை, அதாவது ஸ்பைக்காவின் எஸ்எச்ஏ (மேஷப்புள்ளி என்ற வான்புள்ளியிலிருந்து மேற்கே அளக்கும் கோணம்) கடலோடிகளின் வருடாந்த வான்நிலைப் புத்தகமான 2025 நாட்டிக்கல் அல்மனாக்கில் 158° 22′ அளவில் வருகிறது. இணையத்தில் இறக்கிய நட்சத்திரப் பட்டியலை வைத்துக் கணித்தால் 158° 42′. எதை நம்புவது? 2026இலும் இதே புத்தகத்தைப் பாவிக்கலாமா?

மேஷப்புள்ளி:
அல்மனாக்தான் சரி. நீங்கள் இறக்கியது ஜே2000 பட்டியல், 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்து நிலை. அயனசலனத்தால், அதாவது பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், சித்திரையின் எஸ்எச்ஏ வருடத்துக்கு 0.8 கலை (60 கலை ஒரு பாகை) குறையும். 25 வருடத்தில் 20 கலை. டெக்ளினேஷனும் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) 8 கலை தெற்கே போயிருக்கும், பாருங்கோ. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கழித்துத் தப்ப முடியாது: ரோகிணிக்கு வருடம் 0.86 கலை, அகத்திய நட்சத்திரத்துக்கு 0.33தான். அதன்மேல் நியூட்டேஷனும் (பூமி அச்சின் சிறு ஆட்டம்) ஒளிப்பிறழ்ச்சியும் (பூமி ஓடுவதால் நட்சத்திரம் சற்று இடம் மாறித் தெரிவது) ஒவ்வொன்றும் 0.3 கலை வரை இழுக்கும். இவ்வளவும் சேர்ந்த தோற்ற நிலையைத்தான் அல்மனாக் அச்சிடுகிறது.

2026க்கு: அதே திகதி, அதே யூடி (உலக நேரம்) எடுத்து, கிடைக்கும் ஜிஎச்ஏயில் (கிரீனிச்சிலிருந்து மேற்கே அளக்கும் கோணம்) 15.1 கலை கழியுங்கோ. டெக்ளினேஷனை அப்படியே வைக்கலாம். இது நட்சத்திரங்களுக்கு மட்டும். சூரியனுக்கு வேறு விதி. சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் பழைய புத்தகம் உதவாது.

வெளிவாரி:
அச்சிட்ட எண்கள் 0.1 கலைக்கு முழுமையாக்கியவை. மேஷப்புள்ளியின் ஜிஎச்ஏ, நிமிடத் திருத்தம், எஸ்எச்ஏ மூன்றையும் கூட்டிய பிறகும் நட்சத்திரத்துக்குப் பிழை 0.2 கலையைத் தாண்டாது. கடிகாரம் ஒரு விநாடி பிசகினாலே 0.25 கலை போய்விடும். ஆகவே தசமத்தோடு மல்லுக்கட்டுவதை விட நேரத்தைச் சரிபாருங்கோ.

நம்மூரில் இன்னொரு பொறி. யூடிக்கு 5:30 கழிக்கிறோம், விடியற்கால நட்சத்திரம் பார்க்கும் நேரமும் அதை ஒட்டியே வருகிறது. ஜூனில் காலை 5:15க்கு எடுத்தால் யூடி முதல் நாள் 23:45. திகதியை மாற்ற மறந்தால் ஜிஎச்ஏயில் 59 கலை பிழை. மார்ச்சில் ஒரே அமர்வில் முதல் நட்சத்திரம் ஒரு திகதியிலும் அடுத்தது மறு திகதியிலும் விழும்.

மேஷப்புள்ளி:
துருவ நட்சத்திரம் எடுப்பதென்றால் ஒளிமுறிவையும் (காற்றில் ஒளி வளைவதால் நட்சத்திரம் உயர்ந்து தெரிவது) கவனியுங்கோ. நம் அகலாங்கு 8° 34′. துருவ நட்சத்திரமும் ஏறத்தாழ அதே கோண உயரத்தில், தாழ்வாகத்தான் நிற்கும். அந்த உயரத்தில் முறிவு 6.2 கலை அளவில், ஆனால் அட்டவணை 10 பாகை செல்சியஸ், 1010 மில்லிபாருக்கானது. இங்கே 29 பாகை வெப்பத்தில் முறிவு 0.4 கலை குறையும். மேலதிகத் திருத்த அட்டவணையைப் பாராமல் விட்டால் அல்மனாக்கின் பிழையை விட இரண்டு மடங்கு பிழை. கண் மட்டம் 2 மீற்றரென்றால் டிப் (கண் உயரத்தால் அடிவானம் தாழ்ந்து தெரிவதற்கான திருத்தம்) 2.5 கலை. உள் துறைமுகத்துக்குள் நின்று எடுக்க வேண்டாம், நாலு பக்கமும் கரை. உண்மையான அடிவானம் கிடைக்காது.