சிங்கப்பூரில் உங்களை இன்னும் விடாத ஒரு மொழி அனுபவம்: பகிருங்கள்

குவீன்ஸ்டவுன் தாதி:
பதினோரு வருடமாகியும் இது என்னை விடவில்லை. மாலைப் பணி. என் வார்டில் எண்பது தாண்டிய, ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் பாட்டி ஒருவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன் வருவான். அவனுக்கு ஆங்கிலமும் மாண்டரினும். பாட்டிக்கு ஹொக்கியனும் கொஞ்சம் சந்தை மலாயும். “ஆ மா” என்று கூப்பிடுவான், அதற்குமேல் அவனிடம் சொல் இல்லை. எனக்கு ஹொக்கியன் வரும். எதிர்வீட்டு ஹொக்கியன் பாட்டியின் மடியில் வளர்ந்தவள் நான். அன்று வார்டுப் பாட்டி என்னிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். பேரன் என் முகத்தைப் பார்த்து, “என் பாட்டி என்ன சொல்கிறார்?” என்றான். ஒரு தமிழச்சியிடம் கேட்கிறான்! “சியாக் பா புவே. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்” என்றேன். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லவில்லை.

செம்பவாங்:
தாத்தா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷார் கிளம்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்ட மலையாளக் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் நான் எடுத்தது தமிழ். தொடக்கநிலை ஐந்தில் பரிசு வாங்கி வந்தேன். அம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சான்றிதழில் விரலை வைத்து வாசிக்கச் சொன்னார். “தாய்மொழிப் பாடத்தில் முதல் பரிசு” என்று வாசித்தேன். விரலை எடுக்காமலே, “ஏது அம்மயுடெ பாஷயா மோளே?” என்றார். எந்த அம்மாவின் மொழி மகளே என்று அர்த்தம். தமிழை நான் நேசிக்கிறேன், இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

தோ பாயோ:
தாதி அம்மா, அந்தப் பையன் மேல் குறை இருப்பதுபோல் தொனிக்கிறது. அவன் என்ன செய்வான்? 1979இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் வந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன் ஓய்ந்தது. ஹாங்காங் கேன்டனீஸ் தொடர்கள்கூட மாண்டரின் குரலில்தான் வந்தன. 2014இல் முன்னோடித் தலைமுறைக்கான உதவித் திட்டத்தை முதியவர்களுக்கு விளக்க அரசாங்கமே மீண்டும் ஹொக்கியனிலும் கேன்டனீஸிலும் விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து!

என் அனுபவம் அதற்கு முந்தையது. 1978, தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. என் பிரிவில் ஹொக்கியன் மட்டுமே தெரிந்த ஒருவன். அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் என்பதால் அவை மட்டும் இருவருக்கும் பொது. ஓர் இரவுக் காவலில் அவன் அழுதான். ஏன் என்று கேட்க எனக்கு மொழியில்லை. தோளில் கைவைத்து, “செனாங் டிரி” என்றேன். இளைப்பாறி நில் என்று அர்த்தம். நின்றான்.

பாசிர் ரிஸ்:
தோ பாயோ அண்ணன் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. தமிழை யார் தடுத்தார்கள்? அதிகாரத்துவ மொழி, பள்ளியில் பாடம், நாளிதழ், தொலைக்காட்சி எல்லாம் இருக்கின்றன. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 ஆனது. தேக்கா சந்தையில் காய்கறி விற்கும் சீனர் என் மகளிடம் “என்ன வேண்டும் தங்கச்சி” என்று தமிழில் கேட்டார். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

செம்பவாங் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது ஐந்துக்கும் பள்ளித் தேர்வில் இடம் உண்டு, மலையாளத்துக்கு இல்லை. அதனால் வீட்டில்தான் வழி. அம்மம்மாவோடு உட்கார்ந்து அவர் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். சும்மா பேசச் சொன்னால் பேச மாட்டார், சமைக்கும்போது கேளுங்கள். மீனின் பெயர், பாத்திரத்தின் பெயர், உறவுமுறைப் பெயர் எல்லாம் தானாக வரும். அவர் கையால் தம் பெயரை மலையாளத்தில் எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். உங்கள் பிள்ளைகளை ஞாயிறுதோறும் அழைத்துப் போங்கள், அன்று அவர்களோடு ஆங்கிலம் பேசாதீர்கள். ஒரு வருடம் பிடிவாதமாகச் செய்தால் போதும்.

செம்பவாங்:
அம்மம்மா 2016இல் காலமாகிவிட்டார்.

பாசிர் ரிஸ்:
மன்னியுங்கள் தங்கை.

தோ பாயோ:
தாதி அம்மா, அந்த இரண்டாவது வாக்கியம் என்ன?

குவீன்ஸ்டவுன் தாதி:
“இவன் ஏன் இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறான், என் மேல் நாற்றம் அடிக்கிறதா?”

பையன் முகம் வாடிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். நாற்காலி கதவோரம் கிடந்தது, அவன் அதிலேயே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்திருப்பான்.