டேங்கை இறக்காமல் பெட்ரோல் பம்ப்பை மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 2005-ஆம் ஆண்டின் பெட்ரோல் எஸ்யூவி. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள வண்டி. சென்ற மே மாதத்தில் ஒரு பிற்பகல், கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது அது இரண்டு முறை திக்கி நின்றுவிட்டது. இருபது நிமிடங்கள் ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் வீட்டு வாசலிலேயே நின்றபோது, ஆறவிட்டும் பயனில்லை.

இத்தகைய வண்டிகளில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், பின்பக்கத்திலிருந்து டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் ஏறத்தாழ இரண்டு விநாடிகளுக்குக் கேட்க வேண்டும். மனைவி சாவியைத் திருப்ப, நான் பெட்ரோல் ஊற்றும் வாயில் காதை வைத்துக் கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை. பம்ப்புக்கு மின்சாரம் செல்லும் வழியிலுள்ள ஃபியூஸும், அதை இயக்கும் சுவிட்சான ரிலேயும் நன்றாகவே இருந்தன. ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடியில் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொன்னபோது மோட்டார் முனகியபடி ஓடத் தொடங்கியது. உள்ளே, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டிய என் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் பகுதி மெக்கானிக், "டேங்கை இறக்காமல் வேலை நடக்காது சார்" என்று உறுதியாகச் சொன்னார். இருபது ஆண்டுத் துரு ஏறிய போல்ட்டுகளை நினைத்துத் தயங்கியபடி பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு விசாரிக்கச் சென்றேன். அங்கே கடையிலிருந்த பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தீங்களா தம்பி?"

பார்த்தேன். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒன்றல்ல, இரண்டு தகர மூடிகள் இருந்தன. பின்சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்ட்டுக்கு வழிவிட்டு, டேங்க் குதிரைச் சேணம்போல இருபுறமும் தொங்குவதே அதற்குக் காரணம். நான் முதலில் திறந்தது தவறான மூடி. அதனடியில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் வயர்கள்தான் இருந்தன. பம்ப் மற்றதில் இருந்தது. அதன் வயர் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தபோது, சாவியைத் திருப்பிய கணத்தில் 12 வோல்ட் வந்தது. ஆகவே வயரிங்கின் மீது பழி இல்லை.

புதுப்பேட்டையில் பழைய பம்ப்பும் கிடைக்கும். வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. கதவுக் கைப்பிடியைப் பழையதாக வாங்கலாம். எவ்வளவு ஓடியது என்றே தெரியாத மோட்டாரை வாங்குவது வீண். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பம்ப்பும், வடிகட்டியும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் வாங்கினேன்.

மாற்றும் வேலையை வெட்டவெளியில் செய்தேன். பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சில முறை சுழற்றி லைனில் இருந்த அழுத்தத்தைத் தணித்தபின், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். டேங்கின் மேல் படிந்திருந்த மண்ணைத் துடைத்த பிறகே, பொறி பறக்காதிருக்க மரக்கட்டையை வைத்துத் தட்டி பம்ப்பை டேங்கோடு பூட்டியிருக்கும் வளையத்தைச் சுழற்றினேன். பம்ப்பைச் சாய்த்து வெளியே எடுத்தபோது, அதன் அடியிலிருந்த வடிகட்டி காபித்தூள் வண்டலில் தோய்த்த துணிபோல இருந்தது. பழைய ஓ-ரிங்கோ பெட்ரோலில் ஊறி உப்பியிருந்தது. அதன் பள்ளத்தில் திரும்ப உட்காரவே இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

புதியதைப் பொருத்தி, பேட்டரியையும் ஃபியூஸையும் இணைத்தபின், உடனே ஸ்டார்ட் செய்யாமல் சாவியை நான்கு முறை ஆன் செய்து அணைத்தேன். முதலில் வெறுமையாக ஒலித்த ரீங்காரம், லைனில் பெட்ரோல் நிரம்பியதும் கனத்தது. ஐந்தாம் முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் டேங்க் பாதியாக இருக்கும்போது மேல்மூடியில் கசிவு தெரியாது. ஆகவே முழுவதும் நிரப்பி, மறுநாள் மாலை அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே பின் சீட்டைப் பொருத்தினேன்.