ஜெர்மனி குடும்ப விசா: இனிஷியல் சிக்கல்

கேள்வி: கணவர் மியூனிக்கில் ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதி) வேலை பார்க்கிறார். நான் மதுரையில். திருமணச் சான்றிதழில் எனக்கு இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பம் தள்ளிப்போகுமோ என்று தூக்கமே இல்லை. ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வும் எழுத வேண்டுமா?

பதில் 1: ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு ஏ1 கட்டாயமில்லை. போனதும் வேலைக்கும் போகலாம். ஆனாலும் மொழி படியுங்கள் தோழி.

பதில் 2: எனக்கும் இதே இனிஷியல் சிக்கல்தான் தங்கச்சி. பதிவு அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்து பெயரைத் திருத்தி வாங்கினேன். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அழுதேவிட்டேன். விசா நேர்காணல் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள். விசா கட்டணம் 75 யூரோ. ஜெர்மனியில் குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அப்புறம், தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். என் பெயர் இல்லாததால் வதிவிட அனுமதிக் கடிதமே திரும்பிப் போய்விட்டது.

கேட்டவர்: ரொம்ப நன்றி அக்கா. திங்கள் காலையிலேயே பதிவு அலுவலகம் போகிறேன்.